கடல் கடந்த கணித மேதை

கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாள் கோயிலை நோக்கிச் செல்லும் சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு உள்ளது. அதன் திண்ணையும், திண்ணையை அடுத்த சிற்றறையும், அவ்வறையின் தெருப்பக்கச் சாளரமும் இன்றும் பேணிக் காக்கப்படுகின்றன. அச்சாளரத்தின் அருகே அமர்ந்து, கற்பலகையில் பலப்பத்தால் எண்களை எழுதுவதும், எழுதியவற்றை முழங்கையால் அழித்து மீண்டும் எழுதுவதுமாக ஓர் இளைஞர் பல்லாண்டுகளைக் கழித்தார். அவரே உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜம். எளியேன் அவ்வீட்டைக் காணச் சென்றபோது, இத்துணைச் சிறிய அறையிலிருந்து புறப்பட்டவர் எத்துணைத் தொலைவு சென்று, அங்கு எவ்வாறு வாழ்ந்தார் என்பதையே எண்ணி நின்றேன். அவர்தம் கணிதத்தை அளந்துரைக்க நான் வல்லேன் அல்லேன். அவர் அயல்நாட்டில் வாழ்ந்த ஐந்தாண்டு வாழ்வையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

இராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தாயைப் பெற்ற பாட்டியின் ஊராகிய ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர், தாயார் கோமளத்தம்மாள். பள்ளியில் முதல்வராக விளங்கிய அவர், கல்லூரியில் கணிதம் ஒன்றனையே கருதிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் தேர்ச்சி பெறாது திரும்பினார். 1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். 1912இல் சென்னைத் துறைமுக நிறுவனத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தாம் கண்ட தேற்றங்களுள் ஏறத்தாழ 120ஐ எழுதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஹார்டி என்னும் பேரறிஞருக்கு அஞ்சலில் அனுப்பினார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி, அவரைத் தம்மிடம் அழைத்துக் கொள்ள விரும்பினார்.

அழைப்பு வந்தது, இராமானுஜம் இசையவில்லை. அக்காலத்தில் வைதிக நெறியில் ஒழுகிய அந்தணர் குடும்பங்களில் கடல் கடந்து செல்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. சென்று மீண்டவரைச் சுற்றத்தார் விலக்கி வைப்பர். மணத்திற்கும் அழையார், பிணத்திற்கும் வாரார். தாயாரும் உடன்படவில்லை. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்னும் இளம் பேராசிரியர் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்து, இராமானுஜத்தைக் கண்டு பேசினார். அதற்குள் தாயாரின் மனமும் மாறியிருந்தது. நாமகிரித் தாயார் கனவில் தோன்றி, மகனின் செலவைத் தடுக்க வேண்டா என்று பணித்ததாக அவ்வம்மையார் கூறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தது.

பயண ஏற்பாடுகள் தொடங்கின. நண்பர்கள் அவருக்குக் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் வாங்கித் தந்தனர். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் முறையைக் கற்பித்தனர். பிறந்தது முதல் வளர்த்த குடுமியும் களையப்பட்டது. இக்கோலத்தில் தம்மை அன்னையும் மனைவியும் காணுதல் கூடாது என்று கருதிய இராமானுஜம், அவ்விருவரையும் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கியபோது, வழியனுப்ப வந்திருந்த பெரியோர் கூட்டத்தில் அவர்தம் வீட்டுப் பெண்டிர் ஒருவரும் இலர். கற்றோர் பலர் அவரைப் பெருமிதத்தோடு வழியனுப்பினர் என்று எழுதுவோர், இச்சிறு செய்தியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

ஏப்பிரல் 14ஆம் நாள் அவர் இலண்டன் மாநகரை அடைந்தார். நெவில் எதிர்கொண்டு அழைத்துச் சென்று, தம் இல்லத்திலேயே சில வாரங்கள் இருத்தினார். பின்னர் இராமானுஜம் டிரினிட்டிக் கல்லூரி விடுதிக்குக் குடிபெயர்ந்தார். கணிதத்தைப் பொறுத்தவரை அவருக்கு அங்கு ஒரு குறையும் இல்லை. நாள்தோறும் புதிய தேற்றங்களோடு ஹார்டியிடம் செல்வார். இருவரும் அவற்றை ஆராய்வர். குறையெல்லாம் அறைக்குத் திரும்பிய பின்னரே தொடங்கும்.

முதற்குறை உணவு. இராமானுஜம் புலால் உண்ணாதவர். அந்நெறியில் ஒரு மயிரிழையும் பிறழாதவர். கல்லூரியின் பெருங்கூடத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து உண்பர். அங்கே காய்கறியும் கிழங்கும் கிடைக்கும் எனினும், அவை விலங்கின் கொழுப்பில் பொரிக்கப்படுமோ என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. எனவே, தம் அறையிலேயே ஒரு சிற்றடுப்பை வைத்துக்கொண்டு தாமே சமைத்து உண்ணலானார். புளி முதலிய பொருள்கள் ஊரிலிருந்து கப்பலில் வந்து சேர வேண்டும். அன்னை சமைத்துப் பரிமாற உண்டு பழகியவர், ஆராய்ச்சியில் ஆழ்ந்த நாள்களில் அடுப்பையே மறப்பார். உறங்கும் வேளையில் விழித்திருப்பார். விழிக்கும் வேளையில் உறங்குவார். ஒருங்கிருந்து உண்ணும் கூடத்தை விட்டு விலகியமையால் அவர் இழந்தது உணவு மட்டுமன்று. உண்ணும்போது பிறரோடு உரையாடும் உறவையும் இழந்தார் என்றே கருத வேண்டும்.

இரண்டாவது குறை குளிர். காவிரிக் கரையில் வெறுங்காலோடு திரிந்த அவர்தம் அடிகளைத் தோற்காலணி பெரிதும் வருத்திற்று. குளிர்காலத்தில் அந்நாட்டில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே இருள் சூழ்ந்துவிடும். அப்பொழுது கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த வங்காள இளைஞர் மகாலனோபிஸ், பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் நிறுவிய பேரறிஞர், ஒரு நாள் இராமானுஜத்தின் அறைக்கு வந்து, இரவில் நன்கு உறங்குகின்றாரா என்று வினவினார். குளிர் பொறுக்க முடியாமல், மேற்சட்டையை அணிந்தபடியே சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்குவதாக இராமானுஜம் விடையிறுத்தார். கம்பளிகள் தரப்படவில்லை போலும் என்று ஐயுற்ற மகாலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று நோக்கினார். கட்டிலின்மேல் கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையோடு சேர்த்து ஓரங்கள் உள்ளே செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி, இடையில் நுழைந்து படுத்தல் வேண்டும் என்பதை அறியாத இராமானுஜம், அத்தனை கம்பளிகளின்மேலும் படுத்துக் குளிரால் நடுங்கியிருக்கின்றார்! மகாலனோபிஸ் கம்பளிகளை விலக்கி, படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

மாணவர்களே, இதனைக் கேட்டு நகுதல் எளிது. பாயை விரித்துப் படுத்து, போர்வையை எடுத்து மேலே போர்த்துக்கொள்ளும் நாட்டில் பிறந்த ஒருவருக்கு அக்கட்டில் எங்ஙனம் விளங்கும்? அவரோ பிறரிடம் கேட்கும் இயல்பினர் அல்லர். எண்களின் மறைபொருளை எல்லாம் கண்டவருக்குக் கம்பளியின் பயனைக் காட்டுவார் இல்லை. காட்டுதல் வேண்டும் என்று எவருக்கும் தோன்றவும் இல்லை. ஹார்டி நல்லவர்; இராமானுஜத்தின்பால் பேரன்பு உடையவர். ஆயினும், பிறர் சொந்த வாழ்வில் தலையிட்டு வினவுதல் பண்பன்று என்பது அந்நாட்டார் கொள்கை. தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைத்தல் பண்பன்று என்பது இராமானுஜத்தின் இயல்பு. இவ்விரு பண்புகளுக்கும் இடையே ஓர் உடல் மெலிந்துகொண்டே வந்தது.

பிறிதொரு நிகழ்ச்சியும் உண்டு. அங்கிருந்த இந்திய நண்பர் ஒருவருக்கு மணம் உறுதியாயிற்று. அதனைக் கொண்டாட, அவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் மற்றொரு பெண்மணியையும் இராமானுஜம் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். இரசம் அனைவர்க்கும் சுவைத்தது. இரண்டாம் முறையும் வாங்கி உண்டனர். மூன்றாம் முறை பரிமாற முனைந்தபோது பெண்கள் போதுமென்று மறுத்தனர். பேச்சு தொடர்ந்தது. சிறிது நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை! அவர் வாடகைக் காரில் ஏறி ஆக்ஸ்போர்டு நகருக்கே போய்விட்டார். சில நாள்கள் கழித்து, கைச்செலவுக்கு 5 பவுன் வேண்டுமென்று அந்நண்பருக்கு அவரிடமிருந்து தந்தி வந்தது. தாம் இட்ட உணவை மறுத்தது தம்மையே இகழ்ந்ததாகத் தோன்றியமையால் அவ்விடத்தில் நிற்க முடியவில்லை என்று பின்னர்க் கூறினார். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்பார் உளர். என் மனம் அதற்கு ஒருப்படவில்லை. அயல்நாட்டில் ஒருவர் தம் கையால் நம் ஊர் இரசம் வைத்துப் பரிமாறுகின்றார் எனின், அவ்விலையில் அவர் இடுவது இரசம் மட்டுமோ?

அவர் சென்ற ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், முதல் உலகப் போர் மூண்டது. மாணவர் பலர் போர்க்களம் புகுந்தனர். டிரினிட்டிக் கல்லூரியின் ஒரு பகுதி காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனையாயிற்று. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சுறுத்தல் மிக, பாலும் பழமும் காய்கறியும் அருகின. ஊரிலிருந்து வரும் பொருள்களும் மடல்களும் காலந்தாழ்ந்தன. மடல்கள் குறைந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனத்தாங்கல் மிகுந்து, ஜானகி அம்மையார் எழுதிய மடல்கள் கணவரைச் சென்று அடையாமலே போயின. 1916இல் அவர் தம் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். இல்லத்தில் நிகழ்வது என்ன என்பதை அவர் ஹார்டியிடம் கூறவில்லை. ஹார்டியும் நெடுநாள் அறியவில்லை.

1917ஆம் ஆண்டின் இளவேனிலில் உடல் முற்றிலும் தளர்ந்து இராமானுஜம் மருத்துவமனை புகுந்தார். மருத்துவர் பலர் அதனை என்புருக்கி நோய் எனக் கருதினர். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்தில்லை; திறந்த சாளரங்களின் வழியே வரும் குளிர்காற்றே மருத்துவம்! குளிரால் வாடிய ஒருவரை மீண்டும் குளிரிலேயே கிடத்தினர். மருத்துவமனைச் சமையலோ அவர் நாவுக்கு ஒத்து வரவில்லை. மேட்லாக் என்னும் ஊரிலிருந்த மருத்துவமனைக்கு 1918இல் அவரைக் காணச் சென்ற தமிழர் ஒருவர், அவர்தம் உணவுத் தொல்லையைக் கண்டு மனம் வருந்தி ஹார்டிக்கு விரிவான மடல் வரைந்தார். நோய்க்குறிகளைப் பின்னாளில் ஆராய்ந்து 1994இல் எழுதிய அறிஞர் ஒருவர், அது என்புருக்கி அன்று. முன்னர்த் தமிழகத்தில் அவருக்கு வந்த சீதபேதியின் விளைவாக ஈரலைப் பற்றிய நோயாதல் கூடும் எனக் கருதினார். அஃது உண்மையாயின், தீர்க்கக்கூடிய நோயே அவரைக் கொன்றது என்று எண்ணி நெஞ்சம் வேகின்றது. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் உயிரையே வெறுக்கும் அளவுக்கு மனம் சோர்ந்தார். இலண்டன் மாநகரில் அவர்தம் உயிர் அரிதின் காக்கப்பட்டது. அதற்குமேல் அதனை விரித்துரைக்க என் கை எழவில்லை.

அவ்வாண்டிலேயே சிறப்புகளும் வந்தன. இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரி தன் ஆய்வுப் பேரவையில் அவரைச் சேர்த்துக் கொண்டது. அப்பேற்றைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. இலண்டனுக்கு அருகிலுள்ள பட்னியில் நோயுற்றுக் கிடந்தபோது காண வந்த ஹார்டி, தாம் வந்த காரின் எண்ணாகிய 1729 சிறப்பற்ற எண் என்றார். படுக்கையிலிருந்த இராமானுஜமோ, இரண்டு முப்படிகளின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அஃதே என்று உடனே விடையிறுத்தார். 12, 1 என்பவற்றின் முப்படிகளைக் கூட்டினும், 10, 9 என்பவற்றின் முப்படிகளைக் கூட்டினும் 1729 வருதலை நீங்களே பெருக்கிக் காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அதற்கு 1919 சனவரியில் அவர் எழுதிய மறுமொழி நினைக்கத்தக்கது. அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், தம் பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்துத் தம் செலவு போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் கல்வி உதவியாக வழங்குமாறும் அவர் வேண்டினார். கல்லூரிக் கட்டணத்திற்கு வழியின்றித் திரிந்த நாள்களை அவர் மறந்திலர்.

போர் முடிந்து கடல் வழி திறந்தது. 1919 பிப்பிரவரி 27ஆம் நாள் கப்பலேறி, ஒரு திங்கள் கழித்துப் பம்பாயில் இறங்கினார். துறைமுகத்தில் தாயாரும் தம்பியும் நின்றிருந்தனர். அவர் முதலில் கேட்டது, மனைவி எங்கே என்பதே. பின்னர் ஜானகி அம்மையார் வந்து சேர்ந்து, சென்னையிலும் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் உடனிருந்து, வெந்நீர் ஒற்றடம் இட்டும், அவர் எழுதி எழுதிப் போடும் தாள்களைத் திரட்டி வைத்தும் அவரைப் பேணினார். கடல் கடந்ததற்குக் கழுவாய் தேட இராமேசுவரம் செல்ல வேண்டும் என்றனர். பயணத்திற்கு உடல் இடந்தரவில்லை. 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், தம் 32ஆம் வயதில் இராமானுஜம் மறைந்தார். கடல் கடந்தவர் என்னும் காரணத்தால் அவரது இறுதிச் சடங்குக்கும் சுற்றத்தார் பலர் வரவில்லை.

படுக்கையில் கிடந்தபடி அவர் எழுதிய அத்தாள்களைச் சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் ஹார்டிக்கு அனுப்பி வைத்தது. கை மாறி, கண் மறைந்து கிடந்த அவை, 1976ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் என்பவரால் ஒரு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அந்நூலகம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்தது.