மல்லரை வளர்த்த மன்னர்

மற்போர் தமிழர்க்குப் புதிய கலையன்று. முக்காவல் நாட்டு ஆமூரில் பெயர்பெற்றிருந்த மல்லன் ஒருவனைப் பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடுகின்றது. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனப் பெயர் பூண்டான். கடற்கரைப் பட்டினம் ஒன்றும் அப்பெயரால் மாமல்லபுரம் ஆயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின், உத்தரமேரூரைச் சதுர்வேதிமங்கலமாக அமைத்த இரண்டாம் நந்திவர்மனும் பல்லவமல்லன் எனப்பட்டான். ஆயினும், அரசர் சூடும் பட்டத்தால் மட்டும் ஒரு கலை தலைமுறை கடந்து நிற்பதில்லை. பயிற்றுதற்குக் கூடமும், பயில்வோர்க்கு உணவும், பொருதற்குக் களமும், கண்டு மகிழ மக்களும் வேண்டும். இந்நான்கையும் ஒருங்கே அமைத்த மன்னர் ஒருவர் மராட்டிய நாட்டில் வாழ்ந்தார். கோலாப்பூரை ஆண்ட ஷாகு மகாராஜரே அவர்.

அவர் 1874ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் காகல் என்னும் ஊரைச் சேர்ந்த காட்கே குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யசுவந்தராவ். கோலாப்பூர் அரசுக்கு வழித்தோன்றல் இன்மையால், 1884இல் அரசியார் அவரைத் தத்தெடுத்து ஷாகு எனப் பெயர் சூட்டினார். ராஜ்கோட்டிலும் தார்வாரிலும் கல்வி கற்று, 1894ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தம் இருபதாம் வயது நிரம்புமுன் அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் நெடிய பேருடல் வாய்ந்தவர்; வேட்டையிலும் மற்போரிலும் இளமை முதலே பெருவிருப்புக் கொண்டவர்.

அரசரது விருப்பம் அரண்மனையளவில் நின்றிருப்பின் அது வெறும் பொழுதுபோக்காய் முடிந்திருக்கும். நன்கு பொருத ஒருவனுக்குப் பொற்காப்பு அணிவித்து அனுப்புதல் எந்த அரசர்க்கும் எளிது. ஆனால், அன்று தோற்றவனும், இன்னும் களம் காணாத சிறுவனும் நாளைக்கும் பயில வேண்டுமே! கோலாப்பூரில் மற்பயிற்சிக் கூடத்தைத் தாலீம் என்பர். தெருத்தோறும் அத்தகைய கூடங்கள் பெருகுமாறு ஷாகு மகாராஜர் ஊக்கினார். மல்லர்க்கு உணவுப்படி வழங்கினார். பஞ்சாப் முதலிய வடநாட்டுப் பகுதிகளிலிருந்து பேர்பெற்ற பயில்வான்களை வரவழைத்தார். அவர்களுள் முகமதியர் பலர். உள்ளூர் இளைஞர் அவர்களோடு பொருதும் பழகியும் புதிய பிடிகளைக் கற்றனர்.

தாலீமில் பயில்வோர் வைகறையில் எழுவர். கோதாவின் செம்மண்ணை மண்வெட்டியாற் கொத்திப் புரட்டுதலே அவர்தம் முதல் வேலை. அம்மண்ணில் மோரும் மஞ்சளும் எண்ணெயும் கலந்து பதப்படுத்துவர். விழுவோர்க்கு மெத்தெனவும், சிராய்ப்புக்கு மருந்தாகவும் அது பயன்படும். பின்னர்த் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எனப் பயிற்சி தொடரும். பாலும் நெய்யும் பாதாம்பருப்பும் அவர்தம் உணவிற் சிறந்தவை. ஏழைக் குடியிற் பிறந்த சிறுவன் இவற்றுக்கு எங்கே போவான்? மல்லர்க்கு அரசர் அளித்த படியின் அருமை இதனால் விளங்கும்.

1902ஆம் ஆண்டில், ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு அவர் இங்கிலாந்து சென்றார். அப்பயணத்தின்போது இரண்டு செயல்களுக்கு வித்திடப்பட்டது. அவர் அயல்நாட்டில் இருக்கையிலேயே, ஜூலை 26ஆம் நாள், அரசுப் பணிகளிற் காலியாகும் இடங்களில் நூற்றுக்கு 50 பிற்பட்ட வகுப்பினர்க்கு உரியவை என்னும் ஆணை கோலாப்பூர் அரசிதழில் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் இத்தகைய ஆணை 1921இல்தான் பிறந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மற்றொன்று, உரோமை நகரில் கண்ட பழைய வட்டவரங்கம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தமை. அவ்வரங்கில் மனிதர் உயிரிழக்க, ஊரார் கண்டு களித்தனர். ஷாகு மகாராஜர் அதன் வடிவத்தை மட்டும் கொண்டார். கொடுமையை அங்கேயே விட்டுவந்தார்.

அவ்வடிவமே 1912இல் காஸ்பாக் மைதானமாக நிறைவெய்தியது. நடுவே செம்மண் கோதா. அதனைச் சூழ மேலேறிச் செல்லும் இருக்கைகள். பல்லாயிரவர் அமரினும், இடையில் தூணோ கூரையோ இன்மையால், கடைசியில் இருப்பவனும் மல்லரின் கைப்பிடியைக் காணலாம். உழவரும் கூலியாட்களும் அங்கே திரண்டனர். மகன் களத்தில் வென்றதைக் கண்ட தந்தை இளைய மகனையும் தாலீமுக்கு அனுப்புவான் அல்லனோ?

உடலை வளர்த்தால் போதும் என்று அம்மன்னர் எண்ணினாரல்லர். நாட்டுப்புறச் சிறுவர் நகரில் தங்கிப் படிக்க 1901 முதல் மாணவர் விடுதிகளை நிறுவினார். மராட்டியர், சமணர், முகமதியர், தீண்டப்படாதார் எனத் தள்ளப்பட்டோர் ஆகியோர்க்கெல்லாம் விடுதிகள் தோன்றின. 1917இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்க்குத் திங்கள்தோறும் 1 ரூபாய் தண்டம் விதித்தார். 1919இல் கான்பூரில் குர்மி வகுப்பினர் அவர்க்கு ராஜரிஷி என்னும் பட்டம் அளித்தனர். 1922ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், 47ஆம் வயதில், அவர் பம்பாயிற் காலமானார்.

புரந்தவர் மறைந்தபின் கலையும் மறைவது உலகில் பலகாலும் நிகழ்வது. 1949இல் கோலாப்பூர் அரசே பம்பாய் மாகாணத்தோடு இணைந்துவிட்டது. ஆயினும் தாலீம்கள் மூடப்படவில்லை. மோதிபாக், கங்காவேஸ் முதலிய கூடங்கள் இன்றும் விளங்குகின்றன.

ஷாகு மகாராஜர் மறைந்த நான்காம் ஆண்டில், 1926 ஜனவரியில், சாத்தாரா மாவட்டத்துக் கோலேசுவர் என்னும் சிற்றூரில் கசாபா ஜாதவ் பிறந்தார். அவர் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியிற் படித்தபோது, ஆண்டு விளையாட்டு விழாவில் மற்போரிற் கலந்துகொள்ள விரும்பினார். உருவிற் சிறிய அவரை விளையாட்டு ஆசிரியர் சேர்க்க மறுத்தார். ஜாதவ் கல்லூரி முதல்வரிடம் சென்று முறையிட்டார், இசைவு கிடைத்தது, தம்மினும் பெரியோரை வீழ்த்தினார். 1948இல் கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றார். செம்மண்ணில் மட்டுமே பழகிய அவர் முதன்முதலாக மெத்தை விரிப்பின்மேல் பொருது ஆறாம் இடம் பெற்றார்.

1952இல் ஹெல்சிங்கி நகருக்குச் செல்லப் பணமில்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். அக்கல்லூரியின் முதல்வராயிருந்த கர்தேகர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் அங்கே வெண்கலப் பதக்கம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் வீரர் ஒருவர் தனியாக வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மாட்டுவண்டிகள் வரிசையாய் முன்செல்ல, ஊரார் அவரை அழைத்துச் சென்றனர். அவர்தம் நெஞ்சிலோ அடகில் இருந்த வீடே நின்றது. மற்போர்களை ஏற்பாடு செய்து, அவற்றில் தாமே பொருது வென்று, ஈட்டிய பணத்தைக் கர்தேகரிடம் கொடுத்து அவ்வீட்டை மீட்பித்தார்.