இருபது பவுன் விலைக்கு ஒரு பழைய வண்டி

நம் மேச்சேரி ஆட்டுச் சந்தையில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வாங்க வந்தவர் ஆட்டின் நிறத்தைப் பார்த்து மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறார். நாலடி நடக்கவிட்டுக் கால்களைக் கவனிக்கிறார். இத்தனையும் முடிந்த பிறகே விலைப் பேச்சு. தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு இது. ஆனால் அதே மனிதர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப் போனால் என்ன செய்கிறார்? பளபளக்கும் பெயின்டைப் பார்க்கிறார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். எந்திரத்தின் பல்லை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பழக்கம் கைவந்த ஒருவர் கொங்கு மண்ணில் இருந்தார். தம் வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய வண்டியை, அதுவும் வேறொருவர் ஓட்டிப் பழசாக்கிய ஆங்கில நாட்டு வண்டியை, அக்கக்காகப் பிரித்துப் போட்டவர் அவர். அவர்தாம் கோவை ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூருக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே உழவர் குடியில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தான். தந்தையார் கோபால்சாமி நாயுடு. மிக இளமையிலேயே தாயை இழந்த பிள்ளை. பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரின் கண்ணில் மண்ணை வீசிவிட்டு ஓடியவன் என்று அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. (நம் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.) மூன்றாம் வகுப்பு அளவிலேயே படிப்பு நின்றது. பிறகு தோட்ட வேலை, கைக்குக் கிடைத்த புத்தகங்கள், ஊர் சுற்றல் என்று நாட்கள் கழிந்தன.

துரைசாமிக்கு ஏறத்தாழ இருபது வயது. அப்போது லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் ஏறி வந்தது குதிரையன்று, மோட்டார் சைக்கிள். மாட்டு வண்டியைத் தவிர வேறொன்றையும் அறியாத அந்தப் பாதையில், இழுக்க விலங்கு எதுவும் இல்லாமல் தானே ஓடிய இரண்டு சக்கர வண்டி! ஊரார் வியந்து பார்த்தனர். வண்டி போனதும் தத்தம் வேலைக்குத் திரும்பினர். துரைசாமியால் அப்படித் திரும்ப முடியவில்லை. இதை ஓடச் செய்வது எது என்ற கேள்வி அவருக்குள் புகுந்துகொண்டது.

அந்த வண்டி எப்படிப்பட்டது என்பதையும் சிறிது பார்ப்போம். அதன் பெயர் ரட்ஜ். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ரட்ஜ் விட்வொர்த் கம்பெனி மிதிவண்டி செய்து புகழ்பெற்றது. 1911 வாக்கில் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கியது. பந்தயத்துக்குப் பெயர்போன வண்டி அது. 1914ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தில் சிரில் புல்லின் என்பவர் ரட்ஜ் வண்டியை ஓட்டி வெற்றி பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு அக்கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திக்கொண்டது.

அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிக்கு ஒரே சிலிண்டர். பின்சக்கரத்தைச் சுற்ற இன்று நாம் காணும் சங்கிலிக்குப் பதிலாக ஒரு பட்டை. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மாக்னெட்டோ என்னும் கருவி. இன்றைய வண்டிகளில் எஞ்சின் எண்ணெய் தானே சுழன்று வருகிறது. அன்றோ ஓட்டுகிறவரே அவ்வப்போது கைப்பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதிகமாக ஊட்டினால் புகை மண்டும், தீப்பொறி முனை கரி பிடிக்கும். சுருங்கச் சொன்னால், தன் உள்ளமைப்பை அறியாதவனை ஏற்றிச் செல்ல மறுக்கும் வண்டி அது.

துரைசாமி கோவைக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்து 400 ரூபாய் சேர்த்தார் என்றும், அதில் 300 ரூபாய் கொடுத்து அந்த அதிகாரியிடமிருந்தே அந்த வண்டியை வாங்கினார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது.

இதை ஒரே வரியில் படித்துவிட்டுப் போவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 36 மாதங்கள். 400 ரூபாய் சேர வேண்டுமானால் மாதம் 11 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்திருக்க வேண்டும். சாப்பாடு ஓட்டலிலேயே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், வெற்றிலை, வேட்டி, திருவிழா, ஊர்ப்பயணம் எல்லாவற்றையும் துறந்தால்தான் பரிமாறுகிறவர் கையில் அவ்வளவு நிற்கும். அந்த 300 ரூபாயின் மதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஓர் ஆங்கிலப் பொன் நாணயத்துக்கு, அதாவது சவரனுக்கு, அரசு வைத்திருந்த மாற்று விலை 15 ரூபாய். ஆகவே 300 ரூபாய் என்பது 20 சவரன். இன்று நம் வீட்டில் ஒரு பிள்ளை இருபது பவுன் நகையை விற்றுப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய வண்டியை அவர் என்ன செய்தார்? ஊர் மெச்ச ஓட்டிக் காட்டவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எந்தத் திருகு எங்கே இருந்தது, எந்த வால்வை எது தூக்குகிறது, மாக்னெட்டோவில் பொறி எப்போது பிறக்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். அந்த ஒரு வண்டியின் உள்ளே அவருடைய தொழிற்கல்வி தொடங்கிற்று.

இதைப் பிடிவாதம் என்றும், இளமைக் கிறுக்கு என்றும் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அதைவிட அறிவான செயல் அன்று வேறு இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ரட்ஜ் வண்டிக்கு உதிரிப் பாகம் வேண்டுமானால் அது கோவென்ட்ரியிலிருந்து கப்பலேறி வாரக்கணக்கில் பயணம் செய்து வர வேண்டும். 1914இல் முதல் உலகப் போர் மூண்ட பிறகு அந்தக் கப்பலுக்கும் உறுதியில்லை. தெருவுக்குத் தெரு பழுது பார்க்கும் பட்டறை இருந்த காலமும் அன்று. அந்நிலையில் அரிய அயல்நாட்டு வண்டியொன்றைப் பழையதாக வாங்குகிறவன், அதன் பழுதுகளையும் சேர்த்தே வாங்குகிறான். வழியில் நின்றுபோனால் அதை எழுப்பத் தெரிந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருக்க முடியும். எனவே பிரித்துப் பார்ப்பது விளையாட்டன்று. கொடுத்த இருபது பவுனுக்குக் காவல்.

கடல் கடந்த நாடுகளில் பழைய ஆங்கிலேய விளையாட்டுக் கார்களை வாங்குவோரும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். மோர்கன் என்னும் சிறு கம்பெனி ஆண்டுக்குச் சில நூறு கார்களே செய்து வந்தது. அதன் பழைய கார்களில் மேலே அழகிய தகடு. உள்ளே ஆஷ் மரச் சட்டம். தகடு மின்னும்போதே உள்ளே மரம் உளுத்திருக்கலாம். 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் காரின் உடல் கண்ணாடி இழையால் ஆனது, அது துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் முதுகெலும்பு எஃகு, அது துருப்பிடிக்கும். இத்தகைய கார்களை முதன்முறை வாங்குகிறவர் மேனியைப் பார்த்து ஏமாந்துவிடாமல் அடியில் படுத்து, தட்டி, சுரண்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். நம் சந்தைக்காரர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

ரட்ஜ் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு உடனே பலன் கிடைத்துவிடவில்லை. நாயுடு திருப்பூர்ப் பக்கம் பருத்தித் தொழிலில் இறங்கினார். போர்க் காலத்தில் பணம் குவிந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வணிகர்களோடு மோதினார். எல்லாவற்றையும் இழந்து திரும்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாத எந்திரம் பம்பாய்ச் சந்தை!

வெறுங்கையோடு நின்றவருக்குக் கைகொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியால் நாயுடுவுக்கு ஒரு பஸ் கடனாகக் கிடைத்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை நாயுடு தாமே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, பழுதானால் மெக்கானிக்கும் அவரே. ரட்ஜ் வண்டிக்குக் கொடுத்த இருபது பவுன் திரும்பி வரத் தொடங்கியது இந்தச் சாலையில்தான் என்பது என் எண்ணம். வழியில் பஸ் நின்றால் பயணிகளைக் காக்கவைத்து ஆள் தேடி ஓட வேண்டிய நிலை அவருக்கு இல்லையே! அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்த யு.எம்.எஸ். நிறுவனம் நாட்டின் சிறந்த பேருந்துத் தொழில்களுள் ஒன்றாகப் புகழ் பெற்றது. நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை, விரைந்து சொல்லிவிடலாம். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கோவை பீளமேட்டிலிருந்து வெளிக்கொண்டு வந்தார். மின்கலத்தில் இயங்கும் சவரக்கத்தி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று அவர் கை பட்ட பொருள்கள் பல. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் கூட ஆராய்ச்சி செய்தார்.

கல்வி பற்றிய அவருடைய கருத்து நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்களைச் சற்று நெளியச் செய்யும். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற நாயுடுவின் முயற்சியும் நன்கொடையும் காரணம். இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுவே. அங்கே முதல்வராக இருந்து கொண்டே, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகள் போதும் என்று அவர் வாதிட்டார். அரசு ஒப்பவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். ஒரே ஒரு வண்டியைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவருக்கு நான்கு ஆண்டுகள் நீண்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. எல்லா மாணவரும் துரைசாமி அல்லர் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பது வேறு கேள்வி. இயற்பியல் துறை நண்பர்கள் இதை விவாதிக்கட்டும். நாங்கள் கலைப் பிரிவினர் மூன்று ஆண்டுகளையும் முழுமையாக அனுபவித்துவிட்டே போகிறோம்.

அவருடைய ஆசைகளுள் ஒன்று மட்டும் நிறைவேறாமல் போயிற்று. 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். வெளிநாட்டுக்காரர் ஓட்டிக் கழித்த பழைய வண்டிக்கு ஏங்கி மூன்று ஆண்டுகள் தட்டெடுத்தவர், நம் நாட்டு எளியவர் புதிய காரையே வாங்கட்டும் என்று முயன்றார். உரிமம் வழங்க அரசு மறுத்தது. உற்பத்தி நின்றது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் காலமானார். அவர் குடும்பத்தார் 2015இல் கோவை அவிநாசி சாலையில் ஒரு கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். பல நாடுகளின் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதே சாலையின் மேலே 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயராலேயே திறக்கப்பட்டது. மேச்சேரியிலிருந்து கோவைக்குப் போகும் நண்பர்கள் அந்தப் பாலத்தின் மேல் பறந்துவிடாமல், கீழ்ச்சாலையில் இறங்கிச் சென்று அந்தக் கார்களை ஒருமுறை பார்த்து வரலாம். பழைய வண்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும்.