தேவனும் துப்பறியும் சாம்புவும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டினை வகுக்குமிடத்து நகையையே முதற்கண் நிறுத்தினார். அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. பிறரை எள்ளி நகைத்தல் எளிது. பேதைமையைக் காட்டி நகைக்கச் செய்தும், அப்பேதையின்பால் படிப்போர்க்கு அன்பு குன்றாதவாறு காத்தல் அரிது. அவ்வரிய செயலைத் தமிழ் உரைநடையில் ஆற்றியவர், தேவன் என்னும் புனைபெயர் பூண்ட ஆர். மகாதேவன் ஆவர். அவர் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்துச் சிறாரும் அறிதல் நலம்.

இவர் சோழவளநாட்டுத் திருவிடைமருதூரில் 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். சிறிது காலம் பள்ளியாசிரியராக இருந்தபின், இருபத்தோராம் வயதளவில் சென்னை சேர்ந்து ஆனந்த விகடன் ஆசிரியர் குழுவில் அமர்ந்தார். அக்காலத்து அவ்விதழை நடத்தியவர் எஸ். எஸ். வாசன், ஆசிரியப் பொறுப்பில் விளங்கியவர் கல்கி. கல்கி 1941இல் தமக்கெனத் தனியிதழ் தொடங்கிய பின்னர், 1942 முதல் நிர்வாக ஆசிரியப் பொறுப்பு தேவனைச் சார்ந்தது. இறுதிநாள்வரை அச்சுமையை அவர் இறக்கிவைத்தாரில்லை.

துப்பறியும் கதைகள் அவருக்கு முன்னரே தமிழில் மிகுந்திருந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் அத்துறையில் பெயர் பெற்றவர். ரங்கராஜுவின் கோவிந்தனைப் போன்ற துப்பறிவோர் கூரிய மதியும் துணிவும் உடையவர். வஞ்சகர் சூழ்ச்சியை மதியால் வெல்பவர். தேவனோ, 1940ஆம் ஆண்டுகளில் சாம்புவைப் படைத்தபோது, இம்மரபினைத் தலைகீழாகத் திருப்பினார்.

சாம்பு பாங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவன். தோற்றத்தாலும் அறிவாலும் பிறர் மதிப்பைப் பெறாதவன். அவன் யாதும் அறியாமல் செய்யும் செயலொன்று கள்வனைக் காட்டிக் கொடுக்கும்; அச்சத்தால் உளறும் சொல்லொன்று மறைந்த உண்மையை வெளிப்படுத்தும். இன்ஸ்பெக்டர் கோபாலனும் ஊராரும் அவற்றை நுண்ணறிவென்றே கொண்டு வியப்பர். புகழும் வேம்பு என்னும் நல்லாளின் கைத்தலமும் அவனை வந்தடையும். இவ்வாறு ஐம்பது கதைகள் எழுந்தன. ராஜு வரைந்த சித்திரங்கள் சாம்புவின் உருவத்தைப் படிப்போர் உள்ளத்திற் பதித்தன.

இக்கதைகள் அமைத்தல் எளிதன்று. வாரந்தோறும் ஒரு குற்றம் வேண்டும்; அதனைப் பேதையொருவன் அறியாமலே அவிழ்த்தல் வேண்டும்; அவிழ்த்தது தற்செயல் என்பது படிப்போர்க்கு விளங்கியும், கதையிலுள்ளோர்க்கு விளங்காதிருத்தல் வேண்டும். கதையை எழுதுபவர்க்குக் கூரிய மதி இருந்தாலன்றி மதியில்லாதவன் வெற்றி பெறுவதில்லை. கொலைவழக்கின் விசாரணையை விரித்த ஜஸ்டிஸ் ஜகந்நாதன் என்னும் நாவலையும் இயற்றியவராதலின், குற்றத்தின் முடிச்சுகளை அவர் நன்கறிந்தவர் என்பது தேற்றம். மிஸ்டர் வேதாந்தம், லக்ஷ்மி கடாக்ஷம் முதலியனவும் அவர் படைப்புகளே. கோமதியின் காதலன் 1955இல் திரைப்படமாயிற்று.

இத்துணைப் புகழிருந்தும், 1957ஆம் ஆண்டு மே மாதம், நாற்பத்து மூன்று வயது நிரம்பிய நிலையில் அவர் மறைந்தார். வாரந்தோறும் பல்லாயிரவரை மகிழ்வித்த அவர் எழுத்துகள் பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பின்னரே நூலுருப் பெற்றன. தாம் நட்ட மரத்தின் நிழலில் தாம் அமர்ந்திலர், பின்வந்தோர் அமர்ந்தனர். சாம்பு பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் தோன்றி நகைப்பூட்டினான்.

சென்ற காலத்தைக் களமாகக் கொண்டு நகைச்சுவைத் துப்பறியும் கதை எழுத விழையும் நம் இளைஞர், சாம்புவை ஊன்றிப் படித்தல் வேண்டும். 1953இல் சென்னையில் நின்றுபோன டிராம் வண்டியைக் கதையில் ஓடவிட்டமையால் மட்டும் பழங்காலம் மீளாது. அக்காலத்து மாந்தர் எதற்கு அஞ்சினர், யாரை மதித்தனர், எதனை வெளிக்காட்ட நாணினர் என்பவற்றை அறிந்து எழுதினாலன்றோ காலம் உயிர்பெறும்! தேவன் தம் காலத்து மாந்தரை அங்ஙனம் அறிந்திருந்தார்.

நம் இல்லங்களிலும் சாம்பு போன்ற பிள்ளைகள் உளர். மந்தன் என்று அவர்களை ஒதுக்குதல் நமக்குப் பழகிய வழக்கம். தேவன் அவ்வகையினனைக் கதைத்தலைவனாக்கி, ஊர் முழுதும் கொண்டாடச் செய்தார். அவனைக் கண்டு நகைத்த நாம், நம் பிள்ளைகளை எள்ளாதிருக்கக் கற்போமாயின் அதுவே அவருக்குச் செய்யும் கைம்மாறாகும்.