கேட்டும் தலை தாழாத பெத்யூன் அம்மையார்

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி அமைக்க முனையும்போது முதலில் எதிர்ப்படுவது பணமின்மை. அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. அது பிறரிடம் சென்று கேட்பதற்கு நாணும் உள்ளம். நன்கொடைப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் இதை நன்கு அறிவார்கள். கேட்டால் தாழ்வோமோ என்னும் அச்சம் ஒருபுறம். கேளாவிடில் பிள்ளைகள் வாழ்வு பாழாகுமே என்னும் கவலை மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நடந்து காட்டியவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தாய் மேரி மெக்லியாட் பெத்யூன் அம்மையார். வெள்ளி விழாக் காணும் கல்விக் கழகத்தின் மலரில் அவர் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமுடையது எனக் கருதி இதனை எழுதலானோம்.

அம்மையார் 1875ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்து மேய்ஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பெற்றோர் சாமுவேலும் பேட்ஸியும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். பதினேழு மக்களுள் பதினைந்தாவதாகப் பிறந்த மேரி, பருத்திக் கொல்லையில் வளர்ந்தார். தாய் துணி வெளுத்துக் கொடுக்கச் சென்ற வெள்ளையர் வீட்டில் சிறுமி ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்தபோது, உனக்குப் படிக்கத் தெரியாது, அதைக் கீழே வை என்று அவ்வீட்டுக் குழந்தை தடுத்ததாகவும், அந்தச் சொல்லே அவர் நெஞ்சில் கல்வி வேட்கையைக் கிளப்பியதாகவும் கூறுவர். இத்தகைய சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மிடையே எத்தனை பேர்?

பின்னர்க் கறுப்பினக் குழந்தைகளுக்கென எம்மா வில்சன் என்னும் ஆசிரியை நடத்திய திருச்சபைப் பள்ளியில் மேரி சேர்ந்தார். நாள்தோறும் பல மைல் நடந்து சென்று கற்றார். கற்றதை மாலையில் வீட்டாருக்கும் கற்பித்தார். மேற்கொண்டு படிக்க வழியில்லாதிருந்த காலத்தில், தொலைவிலுள்ள டென்வர் நகரத்து மேரி கிரிஸ்மன் என்னும் மாது, தம் உழைப்பில் மிச்சம்பிடித்த சிறு தொகையை ஒரு கறுப்பினப் பிள்ளையின் படிப்புக்கென அனுப்பினார். அவ்வுதவிக்கு மேரியே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1888இல் வட கரோலினாவின் ஸ்கோஷியா கல்வி நிலையத்தில் சேர்ந்தார். முகமறியாத ஒருத்தியின் சிறு சேமிப்பு பின்னாளில் ஒரு கல்லூரியாயிற்று. சிறு தொகையெனக் கருதி நன்கொடையைத் தயங்கி நீட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படிப்பு முடிந்தபின் சிகாகோ நகரத்து மூடி வேதாகமக் கல்வி நிலையத்தில் பயின்று, ஆப்பிரிக்காவில் தொண்டாற்ற விண்ணப்பித்தார். கறுப்பினத்தாருக்கு அங்கே பணியிடமில்லை என்று திருச்சபை வாரியம் மறுத்துவிட்டது. மனம் நொந்த அம்மையார் தம் நாட்டிலேயே ஆசிரியப் பணி ஏற்றார். 1898இல் ஆல்பர்ட்டஸ் பெத்யூன் என்பவரை மணந்தார். மறுஆண்டு ஆல்பர்ட் என்னும் மகன் பிறந்தான்.

1904ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்து டேட்டோனா கடற்கரை ஊருக்கு அம்மையார் வந்து சேர்ந்தார். அங்கு இருப்புப்பாதை வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர் மிகுதி. அவர்தம் பிள்ளைகள் பயிலப் போதிய பள்ளி இல்லை. அம்மையார் கையில் இருந்தது ஒன்றரை டாலர். மாதம் 11 டாலர் வாடகைக்கு ஒரு சிறு வீட்டைப் பிடித்து, அக்டோபர் மாதத்தில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். மாணவியர் ஐவர், அவர்களுடன் அவருடைய மகனும் அமர்ந்தான். மரப்பெட்டிகளே மேசைகளாயின. கரிந்த குச்சிகள் எழுதுகோல்களாயின. காட்டுப் பழங்களைப் பிழிந்து மை கூட்டினர். பிறர் எறிந்த உடைந்த நாற்காலிகளைப் பொறுக்கி வந்து செப்பனிட்டனர்.

இனி நாம் விரித்துரைக்க விரும்புவது அவர் பணம் திரட்டிய முறையை. அம்மையார் வெறுங்கையை நீட்டிக் கேட்டவரல்லர். சர்க்கரைவள்ளிக்கிழங்கால் 'பை' என்னும் பணியாரம் சுட்டு, வேலைத்தலங்களில் தொழிலாளருக்கு விற்றார். ஐஸ்கிரீம் விற்றார். பள்ளிக்கு இடம் தேவைப்பட்டபோது ஊரார் குப்பை கொட்டிய நிலமொன்றை விலைபேசினார். அதற்கு முன்பணமாகக் கொடுத்த 5 டாலரும் இவ்வாறு விற்றுச் சேர்த்த சில்லறைக் காசே. உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளர்கள் பகல் வேலை முடிந்தபின் மாலையில் வந்து கட்டட வேலைக்கு உடலுழைப்பைத் தந்தனர். அம்மையார் அவர்களுக்கு உணவளித்தார், பிள்ளைகளுக்குக் கல்வியளித்தார். 1907இல் எழுந்த அக்கட்டடத்துக்கு நம்பிக்கை மண்டபம் என்று பொருள்படும் பெயரே இடப்பட்டது.

டேட்டோனா செல்வர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஊர். அவர்கள் தங்கிய விடுதிகளில் மாணவியர் குழு இன்னிசை பாடியது. பாட்டு முடிந்ததும் அம்மையார் பள்ளியின் நிலையை எடுத்துரைப்பார். பிறகே தட்டு சுற்றிவரும். ஞாயிறு பிற்பகல்தோறும் பள்ளியில் பொதுக்கூட்டம் நடந்தது. ஊராரும் வந்தனர், விருந்தினராக வந்த வெள்ளையரும் வந்தனர். அக்காலத்துத் தென்னாட்டில் நிறத்துக்கொரு வரிசை என்பதே வழக்கம். அம்மையாரின் அவையிலோ அந்தப் பிரிவினை இல்லை. நன்கொடை தரவல்ல செல்வரும் கூலித் தொழிலாளியின் பக்கத்திலே அமர வேண்டியதாயிற்று. பணம் தேவை என்பதற்காக அவர் இந்த நெறியைத் தளர்த்தவில்லை. இதனையே நாம் அவர் வாழ்வின் மையமாகக் கொள்கிறோம்.

சவர்க்கார வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் கேம்பிள் என்பவரை அம்மையார் பள்ளிக்கு அழைத்தார். வந்தவர் பள்ளி எங்கே என்று வினவ, அது தம் உள்ளத்தில் உள்ளது என அம்மையார் விடையிறுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் அறங்காவலர் பொறுப்பை ஏற்றார். தையல் இயந்திரத் தொழிலதிபர் தாமஸ் ஒயிட், முடிவுறாத கட்டடத்தைக் கண்டு பொருளுதவி செய்தார்.

செல்வரை நாடியதற்காக அம்மையாரைக் குறைகூறியோரும் உண்டு. வெள்ளையருக்கு இதமாகப் பேசுகிறார் என்றனர். தொடக்கத்தில் சமையலும் தையலும் மிகுதியாகக் கற்பிக்கப்பட்டதும் உண்மை. ஆயின் பள்ளி அங்கேயே நின்றுவிடவில்லை. உயர்நிலைக் கல்வி, ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி என அது வளர்ந்தது. குடல்வால் நோயுற்ற ஒரு மாணவியை வெள்ளையர் மருத்துவமனையில் உள்ளே சேர்க்காமல் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியதைக் கண்டு வெகுண்ட அம்மையார், 1911இல் தம் மக்களுக்கெனவே மருத்துவமனை திறந்தார். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, ஏழை வாக்காளருக்குத் தலைவரி கட்டப் பணம் திரட்டினார். எழுத்தறிவுத் தேர்வில் வெல்ல இரவு வகுப்பு நடத்தினார். முகமூடி அணிந்த வெறியர் கூட்டம் பள்ளி வளாகத்துள் புகுந்து அச்சுறுத்திய பின்னும், அம்மையார் தம் மக்களை அழைத்துச் சென்று வாக்களித்தார். இதமாகப் பேசியவர் பணிந்து போனவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தனியொருவர் முயற்சி நீடிக்க வேண்டுமாயின் சங்கம் வேண்டும். 1917 முதல் புளோரிடா மாநிலக் கறுப்பினப் பெண்கள் கழகக் கூட்டமைப்பின் தலைவியாக அம்மையார் விளங்கினார். ஊர்தோறும் இருந்த சிறு கழகங்கள் சந்தா, விருந்து, இசைநிகழ்ச்சி, விற்பனை விழா ஆகியவற்றால் சேர்த்த பணம் பொதுப்பணிக்குப் பயன்பட்டது. வழிதவறிய கறுப்பினச் சிறுமியரைச் சிறைக்கு அனுப்பாமல் காத்து வளர்க்க ஒக்காலா நகரில் இல்லம் ஒன்றை அக்கூட்டமைப்பு நிறுவியது. 1924 முதல் 1928 வரை நாடு தழுவிய பெண்கள் சங்கத்தின் தலைமை அவரை வந்தடைந்தது. 1935இல் பல சங்கங்களை ஒருங்கிணைத்துக் கறுப்பின மகளிர் தேசியப் பேரவையைத் தோற்றுவித்தார். 1944இல் 27 கறுப்பினக் கல்லூரிகள் தனித்தனியே கையேந்துவதை விடுத்து, ஒரே நிதியமாக இணைந்து பொருள் திரட்டத் தொடங்கின. அந்நிதியத்தை அமைத்தவர்களுள் அம்மையாரும் ஒருவர்.

ஐந்து சிறுமியரோடு தொடங்கிய பள்ளி, 1923இல் குக்மன் கல்வி நிலையத்துடன் இணைந்து கல்லூரியாக உயர்ந்தது, 2007இல் பல்கலைக்கழகமாயிற்று. அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் இளைஞர் நலத்துறையின் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்றபோதும் அம்மையார் கல்லூரிக்காகக் கேட்பதை நிறுத்தவில்லை. 1955ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் டேட்டோனாவில் இயற்கை எய்தினார். கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ஒருவரின் சிலை அமெரிக்க நாடாளுமன்ற மாளிகையில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் நின்றிருந்தது. 2022இல் அவ்விடத்தில் அம்மையாரின் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது.

பள்ளி ஆண்டுவிழாக்களைப் பல்லாண்டு நடத்திப் பழகிய நாம் இவ்வாழ்விலிருந்து ஒன்றை உணர்கிறோம். மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் மறுநாள் அவிழ்க்கப்படும். அவ்விழாவினால் ஒரு பிள்ளையின் கட்டணம் கட்டப்பட்டதா, ஒரு வகுப்பறைக்குக் கூரை வந்ததா என்பதே எஞ்சும் கேள்வி. அம்மையார் நடத்திய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதற்கு விடை இருந்தது. பிறர் பிள்ளைக்காகக் கேட்பவன் இரவலன் அல்லன். அவன் சமுதாயத்தின் கணக்கன். கேட்பதற்கு நாணாமலும், கேட்ட இடத்தில் தலை தாழாமலும் நம் கழகத்தார் இன்னும் பல விழாக் காண வேண்டுமென வாழ்த்துகிறோம்.