மண்ணிடம் மாணவரானவர்

இரண்டாம் ஆண்டில் மண்ணியல் பாடம் எடுத்தபோதுதான் ஆல்பர்ட் ஹாவர்ட் என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். இயற்கை வேளாண்மையின் முன்னோடியாக உலகம் போற்றும் அந்த ஆங்கிலேயர், தம் பாடத்தை இந்திய உழவர்களிடம்தான் கற்றார் என்று அறிந்து வியந்தேன். அவருடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷியர் வட்டாரத்தில் உழவர் குடும்பமொன்றில் ஹாவர்ட் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் பயின்றபின், மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய்ந்தார். பிறருக்கு மருந்து சொல்லும் தமக்கு, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலம்கூட இல்லையே என்ற குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1905-இல் அந்தக் குறை தீர்ந்தது. பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்ற அவருக்குச் சுமார் 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. சுற்றுவட்டார உழவர்கள் பூச்சிக்கொல்லியும் இரசாயன உரமும் இல்லாமலேயே நல்ல விளைச்சல் எடுப்பதை அங்கே கண்டார். கற்பிக்கச் சென்றவர் கற்கத் தொடங்கினார். அந்த உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாக ஏற்றார். பூச்சி எதிரியன்று, மண் நலிந்துவிட்டது என்று அறிவிக்க வந்த தூதன் என்பது அவர் கண்ட முடிவு.

தாவர அறிவியலாளரான அவர் மனைவி கேப்ரியெல், எல்லா ஆய்விலும் துணை நின்றார். 1924-இல் இருவரும் இந்தூரில் புதிய ஆய்வு நிலையத்தைத் தொடங்கினர. இந்திய உழவர்களின் வழக்கங்களையும் சீனர்களின் எருவாக்கும் அறிவையும் இணைத்து ஹாவர்ட் அங்கே உருவாக்கியதே இந்தூர் முறை. செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் எரு கிடைத்துவிடும். மண்ணிடமிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவதுதான் இதன் அடிப்படை.

1930-இல் கேப்ரியெல் மறைந்தார். மறு ஆண்டு தாயகம் திரும்பிய ஹாவர்ட், 1940-இல் வேளாண்மை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். இரசாயன உரத்தை எதிர்த்த அவரை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும் 1947-இல் இறக்கும்வரை அவர் தம் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை.

இதைப் படித்தபோது என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். பல ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்து, விரல் நகங்கள் கறுத்துப்போனவர் அவர். ஆனால், வீட்டுக் கொல்லைப் பாத்திக்கு அந்த மருந்தை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. சாணமும் சாம்பலும் குப்பையும்தான் அங்கே மக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அந்த நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, தோழியரை வீட்டுக்கு அழைக்க மறுத்தவள் நான். 2020-இல் பாராகுவாட் களைக்கொல்லியை நம் நாடு தடை செய்தபோது பாட்டி உயிரோடு இல்லை.

நண்பர்களே, பேரங்காடியில் விற்கும் இயற்கைக் கீரையின் விலை, கல்விக் கடனில் படிக்கும் நமக்குச் சுமைதான். ஆனாலும் முடிந்தபோது ஒரு கட்டு வாங்குவோம். அது நம் தட்டுக்கு மட்டுமன்று, மருந்துக் கலனை முதுகில் சுமப்பவருக்கும் நன்மை. அதற்கும் வழியில்லையேல், வீட்டில் ஒரு எருக்குழி வெட்டுவோம். ஹாவர்ட் கடல் கடந்து தேடிய ஆசிரியர் என் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தார். நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டேன்.