‘வரலாம்’ என்று சொன்ன மனிதர்: கப்டன் ஃபிட்ஸ்ரோயும் புயல் கூண்டும்

பாம்பனில் கூண்டு ஏறிவிட்டதா என்பது மார்கழி மாதத்தில் புத்தளம் கரையில் பெரிய செய்தி. கடலுக்கு அந்தப் பக்கம் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை கற்பிட்டியிலிருந்தோ உடப்பிலிருந்தோ யாரும் கண்ணால் காணமுடியாது. ஆனாலும் தமிழக வானொலிச் செய்தியில் மூன்றாம் எண் என்று கேட்டவுடன் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டிய தலைமுறை ஒன்று எங்கள் கரையில் இருந்தது. இன்று கைபேசியில் செய்மதிப் படம் பார்க்கிறோம். அப்படியிருந்தும் வயதானவர்கள் கூண்டு எத்தனையாம் என்றுதான் இன்னும் கேட்கிறார்கள்.

கூண்டு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பும் உருளையும்தான். இரவில் அவற்றுக்குப் பதிலாக விளக்குகள். இந்த ஏற்பாட்டின் தொடக்கம் ரொபேர்ட் ஃபிட்ஸ்ரோய் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியிடம் இருக்கிறது. சாள்ஸ் டார்வின் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலின் கப்டன் என்றுதான் உலகம் அவரை அறியும். அவருடைய மற்ற வாழ்க்கையே எங்களைப் போன்ற கடற்கரைக்காரருக்கு உரியது.

எங்களைப் போன்ற என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். ஐப்பசி பிறந்தால் எங்களில் சிலருக்கு வேறு பேச்சில்லை. இரண்டு ஆசிரியர்கள், உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், வள்ள இயந்திரம் திருத்துபவர் ஒருவர், நான். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் ஐரோப்பிய மாதிரி ஒரு பாதையைக் காட்டும், அமெரிக்க மாதிரி வேறொன்றைக் காட்டும். எது சரி என்று நள்ளிரவு வரை வாக்குவாதம் நடக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியபோது எவருமே தூங்கவில்லை. அது மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, கேரளம்வரை போகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் பாம்பனுக்குப் பக்கத்துக் கடலில் அசையாமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் வள்ளம் இறங்கவில்லை. புயல் வராத நாளுக்கு யார் சோறு போடுவது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஃபிட்ஸ்ரோயின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.

1805 ஜூலை 5ஆம் திகதி இங்கிலாந்தின் சபோக் பகுதியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டாம் சாள்ஸ் மன்னரின் வழிவந்த குடும்பம். பன்னிரண்டு வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். தென்னமெரிக்கக் கரையை அளந்துகொண்டிருந்த பீகிளின் கப்டன் தனிமையும் குளிரும் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டபோது, 1828இல் அந்தக் கப்பல் ஃபிட்ஸ்ரோயின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 23 வயது.

மறுவருடம் ஜனவரி. உருகுவே கரைக்கு அப்பால் கப்பல் போய்க்கொண்டிருந்தது. பாரமானி இறங்கியது. வானத்திலும் குறிகள் இருந்தன. அந்தக் கடலில் பம்பேரோ என்றொரு காற்று உண்டு. சமவெளியிலிருந்து சடுதியாகப் பாய்ந்து வரும். இளம் கப்டன் பாய்களைக் குறைக்கப் பிந்திவிட்டார். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, பாய்மரங்களின் மேற்பகுதிகள் முறிந்தன, இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து இறந்தார்கள். பாரமானி சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1831 டிசம்பரில் டார்வினை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அவர், 1836 ஒக்டோபரில் திரும்பும்வரை அந்தக் கருவியை அலட்சியம் செய்யவில்லை. காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கும் பியூபோர்ட் அளவுகோல் முறையாகப் பயன்படுத்தப்பட்ட முதற்பயணமும் அதுவே.

பின்னர் சிறிதுகாலம் பாராளுமன்ற உறுப்பினர். 1843 முடிவில் நியூசிலாந்தின் ஆளுநராகப் போனார். அங்கே வைராவ் என்ற இடத்தில் காணி தொடர்பாக மாவோரி மக்களுக்கும் ஆங்கிலக் குடியேறிகளுக்கும் மோதல் நடந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். விசாரித்த ஃபிட்ஸ்ரோய் தவறு குடியேறிகள் பக்கம் என்று முடிவு சொன்னார். அடுத்தவன் காணியில் அளவுக்கயிறு போடுவது என்னவென்று அறிந்த நமக்கு, ஓர் ஆளுநர் இப்படிச் சொன்னார் என்பதே ஆச்சரியம். குடியேறிகள் கொதித்தார்கள். நிர்வாகத்தில் பணமும் இல்லை. 1845இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

1854இல் பிரித்தானிய வர்த்தக சபையின் கீழ் வானிலை விபரம் சேகரிக்க ஒரு சிறிய அலுவலகம் திறந்து அவரைப் பொறுப்பாக்கினார்கள். ஒருநாள் முன்னதாகவே இலண்டனின் வானிலையை அறியமுடியும் என்று அந்த வருடம் பாராளுமன்றத்தில் ஒருவர் சொன்னபோது சபை சிரித்ததாம். ஃபிட்ஸ்ரோயின் வேலை கப்பல்களிலிருந்து வரும் குறிப்புகளைத் தொகுப்பது மட்டுமே. எதிர்வுகூறுவது அவருக்கு இட்ட பணி அல்ல. ஆனால் வெறும் கணக்குப்பிள்ளையாக இருக்க அவரால் முடியவில்லை. கருவி வாங்க வசதியற்ற மீன்பிடித் துறைகளுக்கு உறுதியான பாரமானிகளை அனுப்பி, பாதரசம் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று எளிய சொற்களில் எழுதியும் கொடுத்தார்.

1859 ஒக்டோபர் 26ஆம் திகதி அதிகாலை. அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடும் மக்களோடும் லிவர்பூலை நோக்கி வந்த ரோயல் சாட்டர் என்ற கப்பல், வேல்ஸின் அங்கிள்சி தீவுக் கரையில் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தனர். வீடு போய்ச்சேர ஒருநாள்கூட இல்லாத தூரம். அதே புயலில் பிரித்தானியக் கரையெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் அழிந்தன. ஃபிட்ஸ்ரோய் குறிப்புகளையெல்லாம் வரவழைத்துப் படமாக வரைந்து பார்த்தார். புயல் திடீரென்று முளைக்கவில்லை. ஒரு கரையைத் தாக்கிய பின்னரே அடுத்த கரைக்குப் போயிருக்கிறது. முதற்கரையிலிருந்து ஒரு தந்தி போயிருந்தால் அடுத்த கரைக்குச் சில மணிநேரம் கிடைத்திருக்கும்.

தந்தி அப்போது புதியது. கரையோர நிலையங்களிலிருந்து காலையில் காற்று, அமுக்கம், வெப்பம் ஆகிய விபரங்கள் இலண்டனுக்கு வரும். கப்டன் அவற்றைப் பார்த்து முடிவெடுப்பார். ஆபத்து என்று பட்டால் உரிய துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். அங்கே கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏறும். முனை மேலே பார்த்தால் வடக்குக் காற்று, கீழே பார்த்தால் தெற்குக் காற்று. உருளை ஏறினால் அடுத்தடுத்துக் காற்று வீசும் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தூரத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். முதல் எச்சரிக்கை 1861 பெப்ரவரியில் போனது. அந்த வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி த டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதலாவது வானிலை அறிவிப்பும் வந்தது.

அதற்கு அவர் தேர்ந்த சொல் ஃபோர்காஸ்ட். ஆரூடம், தீர்க்கதரிசனம் என்ற வாடை வீசும் சொற்களை வேண்டுமென்றே விலக்கினார். கிடைத்த தகவலைக் கொண்டு எட்டிய முடிவு, பிழைக்கவும் கூடும் என்பதை அவர் மறைக்கவேயில்லை. நாம் பயன்படுத்தும் எதிர்வுகூறல் என்ற சொல்லில் அந்தத் தயக்கம் இல்லை என்பது என் கருத்து. கேட்பவருக்கு அது வாக்குறுதி போலவே ஒலிக்கிறது.

ஊர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. வைட் தீவுக்குக் கடல் கடக்கமுன் விக்டோரியா மகாராணிகூட அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வானிலை கேட்டார். சரியாக வந்த நாட்களை யாரும் நினைவில் வைக்கவில்லை. பிழைத்த நாட்களைப் பத்திரிகைகள் நக்கலடித்தன, அவருடைய அறிவிப்பை வெளியிட்ட பத்திரிகை உட்பட. விஞ்ஞானிகளோ கோட்பாடு இல்லாத வெறும் ஊகம் என்றார்கள். இன்னொரு எதிர்ப்பு கடற்கரையிலிருந்து வந்தது. கூம்பு ஏறினால் தொழிலாளர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், வள்ளம் சும்மா கிடக்கும், வருமானம் போகும். முறைப்பட்டவர்கள் வள்ளச் சொந்தக்காரர்கள். நம்முடைய சொல்லில் சம்மாட்டிமார்.

இந்த இடத்தில் நான் சம்மாட்டிமாரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு நாள் தொழில் இல்லையென்றால் கடைக் கடன் ஏறும். யுத்த காலத்தில் கடலுக்குப் பாஸ் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் அரைவயிறாகக் கிடந்தன என்பது நமக்குத் தெரியும். வீண் எச்சரிக்கையின் விலையைக் கொடுப்பவன் ஏழைதான். மறுபக்கமும் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வேகமாக வலுப்பெற்றபோது குமரிக் கரையின் மீனவர்கள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை பிந்தியது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் கற்பிட்டிக்கு வந்தபோது மழைக்காலம். காற்று எப்படி என்று கேட்டு நேரம் பார்க்கும் உரிமை எங்களுக்கு இருக்கவில்லை. வாப்பா அணியத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வரலாம் என்றாவது ஒருவர் சொல்லியிருந்தால் அது அன்று பெரிய உதவி.

ஃபிட்ஸ்ரோய்க்குப் பிழையைத் தாங்கும் மனம் இருக்கவில்லை. ஒவ்வொரு தவறிய அறிவிப்புக்கும் பத்திரிகைகளுக்கு நீண்ட விளக்கம் எழுதினார். 1863இல் வானிலை பற்றித் தடித்த நூலொன்றையும் வெளியிட்டார். காது மந்தமாகியது, தூக்கம் போனது. டார்வினின் கொள்கை அவருடைய மத நம்பிக்கையைக் காயப்படுத்தியது. பழைய கப்பல் தோழருக்கு எதிராகவே 1860இல் ஒக்ஸ்போட் கூட்டமொன்றில் வேதப்புத்தகத்தைக் கையிலேந்தி நின்றார். சொந்தப் பணத்தைப் பொதுக் காரியங்களுக்கே செலவழித்துத் தீர்த்திருந்தார். 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துக்குப் புறப்படவேண்டிய நேரத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 59. குடும்பத்துக்கு வீடுகூட மிஞ்சவில்லை. நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண் கொடுத்தார்.

அதன்பின் ஒரு விசாரணைக் குழு அமைத்து அவருடைய வேலையைக் கணக்குப் பார்த்தார்கள். விஞ்ஞான அடிப்படை போதாது என்று குழு சொன்னது. 1866இல் அறிவிப்புகளும் புயல் எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. வெற்றுக் கம்பங்களைப் பார்த்துத் துறைமுகங்கள் சும்மா இருக்கவில்லை. கடலோடிகள் கூம்பு வேண்டும் என்று கேட்டார்கள். 1867இலேயே புயல் எச்சரிக்கை திரும்பி வந்தது. பத்திரிகை அறிவிப்பு மீள வர 1879 ஆகிவிட்டது.

நம் பக்கத்தில் 1864 ஒக்டோபரில் கல்கத்தாவைப் புயல் அழித்தபின், 1865இல் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, இன்று 1 முதல் 11 வரை எண்ணிட்ட கூண்டுகளாக நிற்கிறது. பிரித்தானிய வானொலி கடலோடிகளுக்காக வாசிக்கும் காற்று அறிவிப்பில் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. ஸ்பெயினுக்கு வடமேற்கே ஃபினிஸ்டேர் என்றிருந்த பகுதிக்கு 2002இல் ஃபிட்ஸ்ரோய் என்று பெயர் மாற்றினார்கள்.