நட்சத்திரத்துக்குத் தூரம் சொன்ன வைணு பாப்பு



எங்க அப்பா ராத்திரிக் கடலுக்குப் போறவர். தேவிபட்டினம் நவபாஷாணக் கல்லைத் தாண்டிவிட்டால் இருட்டுதான். அங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது கிட்டத்தில் உள்ள சின்ன விளக்கா, தொலைவில் போகும் கப்பல் விளக்கா என்று பார்த்ததும் சொல்ல முடியாதாம். விளக்கு என்ன ரகம்னு தெரிஞ்சாத்தான் தூரம் பிடிபடும். நட்சத்திரத்திலும் இதே சிக்கல்தான். அதைத் தீர்க்க ஒரு வழி சொன்னவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். நம்ம வீட்டில் வலை கிடப்பது போல அவர் கண்ணெதிரே தொலைநோக்கி! ஹார்வர்டுக்குப் படிக்கப் போய், 1949-ல் போட்டோ தகட்டில் ஒரு புது வால்மீனைக் கண்டுபிடித்தார். போக், நியூகிர்க் பெயர்களோடு அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

பிறகு அமெரிக்காவிலேயே ஓலின் வில்சனோடு சேர்ந்தார். குளிர்ந்த நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் படமெடுத்தால் கால்சியத்தின் கே கோடு கருப்பாக விழும். அதன் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று இருக்கும். அந்த ஒளிக்கோடு அகலமாக இருந்தால் நட்சத்திரம் உண்மையிலேயே பிரகாசமானது, ஒடுங்கி இருந்தால் மங்கலானது. 1957-ல் வெளியிட்டார்கள். விளக்கின் ரகம் தெரிந்துவிட்டது, தூரத்தைக் கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பு. இரவு வானம் பார்க்க வேறு இடம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கணும்: 1968-ல் அங்கே வைத்த 38 செ.மீ. தொலைநோக்கி நம் நாட்டு ஒர்க்‌ஷாப்பில் செய்தது. அதோடு விடவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் இங்கேயே செய்வோம் என்றார். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது, தேய்த்தது பெங்களூரில். லேத்தில் 0.02 மி.மீ.க்குள் வேலை வந்தாலே நமக்குப் பெருமை. அந்தக் கண்ணாடியில் பிழை ஒளியின் அலைநீளத்தில் ஒரு பங்குக்குள் நிற்கணும். அலைநீளமே சுமார் 0.0005 மி.மீ.தான்!

1979-ல் சர்வதேச வானியல் சங்கத் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ல், 55 வயதில், மியூனிக்கில் காலமானார். தொலைநோக்கி 1985 கடைசியில்தான் முடிந்தது. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்.

இதைச் சொன்னபோது அப்பா ஒண்ணுதான் கேட்டார்: அந்த மனுஷன் அதுல ஒருநாள் கூடப் பார்க்கலையா என்று. இல்லைப்பா என்றேன். அவருக்கு அது பொறுக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு டூருக்குக் காவலூரையும் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். வாணியம்பாடியில் இறங்கி மலை ஏறணும். வர்றவங்க பெயர் கொடுங்க.